லிங்கை அமுக்கியது அத்தை. அமுக்கப் பழக்கியது யார்?

நம்மூரில் இணையத்தில் பணத்தைப் பறிகொடுத்தவரிடம் முதலில் கேட்கிற கேள்வி "எவ்வளவு போச்சு?" கிடையாது. "உன்னை யாரு அந்த லிங்கை அமுக்கச் சொன்னது?" என்பதுதான். வங்கியிலும் இதைத்தான் கேட்கிறார்கள், ஸ்டேஷனிலும் இதைத்தான் கேட்கிறார்கள், பெற்ற பிள்ளையும் இதைத்தான் கேட்கிறான். வீட்டுப் பூட்டை உடைத்துத் திருடிப் போனால் "நீ ஏன் வீடு கட்டினே?" என்று யாராவது கேட்பார்களா? இணையத் திருட்டில் மட்டும் பறிகொடுத்தவர்தான் குற்றவாளி.

இந்தக் கேள்வி மேல் எனக்கு நெடுநாள் கோபம். இன்றைக்குக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிழைப்பது சிங்கப்பூரில். பொட்டி தட்டுகிற உத்தியோகம், அதிலும் நெட்வொர்க் பிரிவு. வாரநாளெல்லாம் கம்பெனிக்கு ஆணி பிடுங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சொந்த ஊரான சித்தூர், பக்கத்தில் புத்தூர், அந்தப் பக்கம் திருப்பதி என்று பரவிக் கிடக்கிற சொந்தபந்தம் அத்தனைக்கும் சம்பளமில்லாத ஹெல்ப்டெஸ்க். "வைஃபை வரல", "பாஸ்வேர்டு மறந்துடுச்சு", "ஏதோ சிவப்பு கலர்ல வருது". (அந்த "ஏதோ சிவப்பு கலர்" என்னவென்று கண்டுபிடிப்பதற்குள் இட்லி ஆறிவிடும்.) வெளிநாட்டில் இருக்கிற எல்லா பொட்டிக்காரர்களுக்கும் இந்த உபரி உத்தியோகம் உண்டுதானே?

போன வருஷம் சித்தூரில் இருக்கும் என் அத்தை 46 ஆயிரம் ரூபாயைத் தொலைத்தார். அத்தை ஓய்வுபெற்ற ஆசிரியை. கணக்கு வழக்கில் ஒரு பைசா தப்பாது. "உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது, இன்றே புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்" என்று ஒரு குறுஞ்செய்தி, கீழே ஒரு லிங்க். அமுக்கினார், கேட்டதைக் கொடுத்தார், ஓடிபியும் கொடுத்தார். முடிந்தது. அவருடைய மகன் போட்ட கூச்சலில் பக்கத்து வீடு வரை தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அத்தை அந்த போனில் பேசுவதோடு சரி. ஓய்வூதியம் எடுக்க வெயிலில் போய் வரிசையில் நிற்கிறார்.

நான் கேட்டேன். "திட்டறதுக்குக் கேக்கலை அத்தை. எதை வெச்சு அதை உண்மைன்னு நம்பினீங்க?"

"ஏம்ப்பா, அதுக்கு முந்தின வாரம் வந்ததும் இப்படித்தானே இருந்தது? பேங்க்ல இருக்கிற பொண்ணே, அமுக்கி அப்டேட் பண்ணிடுங்கம்மான்னு சொல்லிச்சே!"

இரண்டு செய்தியையும் எனக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். முந்தின வாரம் வந்தது நிஜமாகவே அந்த வங்கி அனுப்பியது. பெயர் வேண்டாம், எல்லா வங்கியும் இந்த லட்சணம்தான். அது ஆங்கிலத்தில் இருந்தது, மிரட்டல் தொனியில் இருந்தது, கெடு தேதி இருந்தது, எங்கே போகும் என்றே தெரியாத சுருக்கப்பட்ட லிங்க் இருந்தது. திருடன் அனுப்பியதும் ஆங்கிலத்தில், மிரட்டல், கெடு, சுருக்கப்பட்ட லிங்க். ஒரே வித்தியாசம், திருடனுடையது சாதாரண பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்திருந்தது. "அதைப் பார்த்தாவது தெரியவேண்டாமா?" என்று கேட்கும் மேதாவிகளுக்கு ஒரு தகவல்: அந்தக் கிளை ஊழியர்கள் வாடிக்கையாளர்களைக் கூப்பிடுவதும் சொந்த பத்து இலக்க மொபைலிலிருந்துதான்.

ஆக, அத்தையை லிங்க் அமுக்கப் பழக்கியது திருடன் இல்லை. வங்கியே பழக்கியது. திருடன் பழகின மாட்டை ஓட்டிக்கொண்டு போனான், அவ்வளவுதான்.

அத்தையை விடுங்கள். ஏழுமலையானையே விட்டுவைக்காத கதைக்கு வருவோம்.

திருப்பதி தரிசன டிக்கெட், அறை எல்லாம் இணையத்தில் பதிகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 300 ரூபாய் டிக்கெட் மாதாமாதம் குறிப்பிட்ட நாளில் வெளியாகும், கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால் பக்தர் எப்போதும் அவசரத்திலேயே இருப்பார். திருடனுக்கு வேண்டியதும் அதுதான். 2023 ஜூலையில் திருமலை ஒன் டவுன் போலீசில் தேவஸ்தானம் ஒரு போலி இணையதளம் மீது புகார் கொடுத்தது. அதற்கு முன்பே 40 போலித் தளங்கள் மீது வழக்கு இருந்தது. இது 41ஆவது! அசல் முகவரி அப்போது திருப்பதிபாலாஜி டாட் ஏபி டாட் ஜிஓவி டாட் இன். போலி என்ன செய்தான்? நடுவில் இருந்த புள்ளிகளையெல்லாம் சின்னக் கோடாக மாற்றினான், கடைசியில் 'இன்' என்பதை எடுத்துவிட்டு 'ஓஆர்ஜி' என்று போட்டான். வேலை முடிந்தது.

எங்கள் துறைக்காரன் சொல்லுவான்: "இணைய முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்கணும் சார், கடைசிப் பகுதிதான் முக்கியம்." வாஸ்தவம். தபால் முகவரியில் கடைசி வரிதான் ஊரைச் சொல்லும் என்கிற மாதிரி. திருப்பதி ரயில்வே ஸ்டேஷன் எதிரில் நிற்கிற லாட்ஜுக்கு 'திருமலா' என்று பெயர் வைத்தால் அது மலை மேல் ஏறிவிடுமா? அதே கணக்குதான். ஆனால் ஒரு கேள்வி. இந்தப் படிப்பை பக்தருக்கு யார், எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்? தமிழும் தெலுங்கும் இடமிருந்து வலமாகப் படிக்கிற ஜனத்தை, மூன்றாவது மொழியில், சுண்டுவிரல் அகலத் திரையில், பின்னாலிருந்து படி என்கிறோம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். தேவஸ்தானத்தின் பதிவுத் தளம் முதலில் டிடிடிசேவாஆன்லைன் டாட் காம். 2020ல் அது மாறி நான் மேலே சொன்ன முகவரி வந்தது. 2024 ஜனவரியில் அதுவும் மாறி டிடிதேவஸ்தானம்ஸ் டாட் ஏபி டாட் ஜிஓவி டாட் இன் ஆனது. மொபைல் செயலியும் அப்படியே, முன்பு 'கோவிந்தா', 2023 ஜனவரியிலிருந்து வேறு பெயரில் வேறு செயலி. தேவஸ்தானத்தை இங்கே வில்லனாக்கவில்லை. புகார் கொடுத்து வழக்குப் போட வைத்ததே அவர்கள்தான். டாட் காமிலிருந்து அரசு முகவரிக்குப் போனதும் நல்ல காரியமே. ஆனால் நாலு வருஷத்தில் மூன்று முகவரி என்றால், "முகவரி மாறிவிட்டது, இனிமேல் இங்கே வாருங்கள்" என்று யார் சொன்னாலும் நம்பவேண்டிய நிலைமைக்கு பக்தர் வந்துவிடுகிறார். அதையே திருடனும் சொல்லுவான். கோயில் மட்டுமில்லை, மின்சார வாரியம், வருமான வரி, பாஸ்போர்ட், வங்கி, எல்லாமே அடிக்கடி முகவரியையும் முகத்தையும் மாற்றிக்கொண்டு, "ஜாக்கிரதையாக இருங்கள்" என்று நமக்குப் பாடம் எடுக்கிற கோஷ்டிதான்.

இந்தப் பாடங்களின் லட்சணத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1. "பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பான தளம்." பத்துப் பதினைந்து வருஷம் இதைச் சொல்லிச் சொல்லி ஜனங்கள் மனப்பாடம் செய்துவிட்டார்கள். அந்தப் பூட்டு சொல்வதெல்லாம், உங்கள் பொட்டிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லவே இல்லை. திருடனும் இலவசமாகச் சான்றிதழ் வாங்கிப் பூட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கூகுளே 2023ல் குரோம் உலாவியிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டது. நம்மூர் விழிப்புணர்வு போஸ்டர்களிலிருந்து எப்போது எடுப்பார்களோ!

2. "பாஸ்வேர்டை 90 நாளுக்கு ஒருமுறை மாற்று, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், ஆச்சரியக்குறி எல்லாம் போடு." இந்த மாதிரி விதிகளுக்கு வழிகாட்டி எழுதியதே அமெரிக்காவின் என்ஐஎஸ்டி அமைப்புதான். 2017ல் அவர்களே அதைக் கைவிட்டு, சும்மா சும்மா மாற்றச் சொல்லாதே, நீளமாக இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். நம் தளங்கள் பலதுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. விளைவு? என் பெரியப்பா வீட்டுக் காலண்டரின் பின்பக்கம் முழுக்க பாஸ்வேர்டு. பால்காரர் கணக்குக்குக் கீழே.

3. மொழி. சித்தூரில் எத்தனையோ வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் தெலுங்கு. பணம் போகிற செய்தி மட்டும் ஆங்கிலத்தில். "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்கிற எச்சரிக்கை, செய்தியின் வாலில், அதே ஆங்கிலத்தில். போனில் பேசுகிற திருடன் மட்டும் அழகாக அவர்கள் மொழியில் பேசுகிறான். வாடிக்கையாளர் சேவை என்றால் அதல்லவோ சேவை!

4. எங்களைப் போல வெளியில் இருப்பவர்கள் படுகிற பாடு தனி. ஊரில் ஒரு காரியம் முடிக்க வேண்டுமென்றால் இந்திய சிம் உயிரோடு இருக்கவேண்டும். 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் எண் போய்விடும் என்று மாதாமாதம் அதற்குத் தீனி போடவேண்டும். நம் அரசுத் தளங்கள் பல வெளிநாட்டிலிருந்து திறப்பதே இல்லை, பாதுகாப்பாம். 2023 ஜனவரியில் சிங்கப்பூர், அமெரிக்கா, வளைகுடா உட்பட பத்து நாட்டு எண்களில் யூபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வந்ததற்கு ஒரு கும்பிடு. ஆனால் அப்பாவுக்கு வரிப் படிவம் நிரப்ப நான் என்ன செய்கிறேன் தெரியுமா? தூரத்திலிருந்து திரையைப் பகிர்கிற செயலி ஒன்றைப் போடச் சொல்கிறேன். திருடனும் அதே செயலியைத்தான் போடச் சொல்கிறான். 2019லேயே ரிசர்வ் வங்கி இதைப் பற்றி எச்சரித்தது. நல்ல பிள்ளைக்கும் திருடனுக்கும் ஒரே வாசல்தான் வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த வீட்டைக் கட்டியவனைத்தானே கேட்கவேண்டும்?

"அதெல்லாம் சரி, லிங்கை அமுக்காமல் இருந்தால் ஒன்றும் ஆகாது" என்கிறீர்களா? அதற்கும் எங்கள் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. 2022ல் ஆந்திரப் பதிவுத்துறை தளத்திலிருந்து பத்திர நகல்களை இறக்கி, அதிலிருந்த விரல்ரேகையைப் போலியாக வார்த்து, ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறையில் பல கணக்குகளிலிருந்து பணம் எடுத்த கும்பலை சைபராபாத் போலீஸ் பிடித்தது. நிலம் வாங்கினது ஒன்றுதான் அந்த ஜனங்கள் செய்த பாவம். லிங்க் இல்லை, ஓடிபி இல்லை, பேராசை இல்லை. விரல்ரேகையை ஊருக்குத் தெரிகிற மாதிரி வைத்தது அரசாங்கம். அந்த ரேகை ஒன்றே போதும் என்று பணத்தைக் கொடுத்தது வங்கி முறை. இங்கேயும் "நீ ஏன் ஜாக்கிரதையாக இல்லை?" என்று கேட்பீர்களா?

இப்போது துட்டு விஷயத்துக்கு வருவோம். போன பணத்தை யார் தருவது?

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வங்கியின் மேலும் தப்பில்லை, வாடிக்கையாளர் மேலும் தப்பில்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு இல்லை. நல்ல விதிதான். ஆனால் ரகசிய விவரத்தைப் பகிர்ந்துகொண்டது மாதிரி வாடிக்கையாளரின் அலட்சியம் என்றால், புகார் கொடுக்கிறவரை போன பணம் அத்தனையும் அவர் தலையில். இந்த 'அலட்சியம்' என்கிற ஒரு வார்த்தையில்தான் அத்தையின் 46 ஆயிரம் மூழ்கியது. ஓடிபி சொன்னாயா? சொன்னேன். அலட்சியம். கோப்பு மூடப்பட்டது. அதே மாதிரி லிங்க் அனுப்பிப் பழக்கிய வங்கியின் அலட்சியத்துக்கு எந்தக் கோப்பிலும் இடமில்லை.

நான் இருக்கிற ஊரில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்தி வந்து, சுமார் 790 பேர் 13.7 மில்லியன் சிங்கப்பூர் டாலரைப் பறிகொடுத்தார்கள். வங்கியின் நிஜச் செய்திகள் வருகிற அதே வரிசையிலேயே போலியும் வந்து உட்கார்ந்துகொண்டது. இங்கேயும் முதலில் "ஏன் அமுக்கினீர்கள்?" கோஷ்டி கிளம்பத்தான் செய்தது. ஆனால் வங்கி முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. 2022 ஜனவரியில், வங்கிகள் இனி வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் லிங்கே வைக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. 2023 ஜனவரி கடைசியிலிருந்து, பதிவு செய்யாத பெயரில் வரும் செய்தியின் தலையிலேயே 'மோசடியாக இருக்கலாம்' என்று முத்திரை விழுகிறது. 2024 டிசம்பரில் வங்கியோ தொலைபேசி நிறுவனமோ தன் கடமையில் தவறியிருந்தால் அவர்களே நஷ்டத்தை ஏற்கவேண்டும் என்று விதி வந்தது. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், ஏமாந்து தாங்களே பணம் அனுப்பியவர்களுக்குக்கூட 85 ஆயிரம் பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தரவேண்டும்.

உடனே "சிங்கப்பூர் சொர்க்கம்" என்று நான் பாடுவதாக நினைக்காதீர்கள். 2024ல் இங்கே மோசடியில் போன பணம் 110 கோடி சிங்கப்பூர் டாலருக்கு மேல். திருடன் வேறு சந்துக்கு மாறிக்கொண்டே இருக்கிறான். ஆனால் ஒரு சந்தை அடைக்கிற பொறுப்பு யாருடையது என்பதில் இங்கே குழப்பமில்லை.

"பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் ஜனங்களுக்குப் பொறுப்பு போய்விடாதா?" நியாயமான கேள்வி. எங்கள் திருமலையிலிருந்தே பதில் சொல்கிறேன். மலைக்கு வண்டிப் பாதை வந்தது 1944ல். பிறகு வண்டிகள் பெருகினதும், "டிரைவர்களே, வளைவில் எதிரே வண்டி வரும், ஜாக்கிரதை" என்று பலகை வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்களா? இரண்டாவது பாதை போட்டார்கள். இன்றைக்கு ஏறுவது ஒரு பாதை, இறங்குவது ஒரு பாதை. எதிரெதிரே மோதுகிற பேச்சுக்கே இடமில்லை. அதற்காக டிரைவர்கள் தூங்கிக்கொண்டா ஓட்டுகிறார்கள்? பாதையைச் சரியாகப் போட்டவனுக்குத்தான் ஓட்டுகிறவனைக் கண்டிக்க யோக்கியதை உண்டு.

நம்மூரிலும் பாதை போட ஆரம்பித்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. வங்கிகளுக்கென்றே 'டாட் பேங்க் டாட் இன்' என்று தனி முகவரி. 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கியும் மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. ஹைதராபாத் ஐடிஆர்பிடி நிறுவனம் தவிர வேறு யாரும் அந்த முகவரியைப் பதிந்து தர முடியாது. கண்ட திருடனும் வாங்க முடியாத முகவரி. சபாஷ்! இணைய வங்கி வந்து கால் நூற்றாண்டு கழித்து வந்த சபாஷ், இருந்தாலும் சபாஷ். ஆனால் இந்த முகவரியை அத்தையிடம் யார் சொன்னார்கள்? தமிழிலோ தெலுங்கிலோ ஒரு வரி?

நான் கேட்பது பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. வங்கிகள் செய்தியில் லிங்க் வைப்பதை அடியோடு நிறுத்தட்டும். முகவரியை ஒருமுறை வைத்தால் இருபது வருஷத்துக்கு மாற்றாமல் இருக்கட்டும். எச்சரிக்கையை வாடிக்கையாளரின் மொழியில், செய்தியின் முதல் வரியில் போடட்டும். வங்கி தானே லிங்க் அனுப்பும் பழக்கம் உள்ளவரை, வாடிக்கையாளரின் 'அலட்சியம்' என்று சொல்லித் தப்பிக்க முடியாதபடி விதி வரட்டும்.

கடைசியாக ஒரு ஜன்னல் வேண்டும். ஆமாம், ஆள் உட்கார்ந்திருக்கிற ஜன்னல். சாதிச் சான்றிதழுக்கும் நிலப் பத்திரத்துக்கும் அலையாமல் ஒரே கவுண்டரில் வாங்கிக்கொள்ள 'மீசேவா' என்ற திட்டம் 2011 நவம்பரில் தொடங்கியதே எங்கள் சித்தூர் மாவட்டத்தில்தான். கம்ப்யூட்டர் தெரியாத விவசாயிகூட தைரியமாகப் போய் நின்றார், ஏனென்றால் எதிரே ஒரு மனுஷன் இருந்தான். அதே மாதிரி "எனக்கு இப்படி ஒரு செய்தி வந்திருக்கு, நிஜமா பொய்யா பார்த்துச் சொல்லுப்பா" என்று போனை நீட்ட, ஒவ்வொரு கிளையிலும் ஒரு ஜன்னல். கேட்டவரை முட்டாளாகப் பார்க்காத ஒரு ஆள். கோடிக்கணக்கில் விளம்பரம் செய்கிறவர்களுக்கு இது பெரிய செலவா?

அதுவரைக்கும், பணத்தைப் பறிகொடுத்தவர் உங்கள் வீட்டில் இருந்தால் "ஏன் அமுக்கினே?" என்று கேட்காதீர்கள். அவமானத்துக்குப் பயந்து இரண்டு நாள் மறைப்பார்கள். திருடனுக்கு அந்த இரண்டு நாள் தாராளமாகப் போதும்.

டிஸ்கி: திட்டி முடித்துவிட்டேன், உபயோகமாக மூன்று விஷயம். (அ) பணம் போனது தெரிந்த நிமிஷமே 1930க்குக் கூப்பிடுங்கள், அப்புறம் வங்கிக்கு எழுத்தில் புகார். (ஆ) ஆதார் செயலியில் விரல்ரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. ஊரில் இருக்கிற பெரியவர்களுக்கு நீங்களே செய்து கொடுங்கள். (இ) யூபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால் அவன் திருடன். இதை வீட்டில் எல்லோருக்கும் அவரவர் மொழியில் சொல்லுங்கள், சத்தம் போடாமல்.